பெரிய மரத்து வீட்டுக்கு வழி

ராஜகீழ்ப்பாக்கம்
11-9-1993

அன்புள்ள தம்பி வேதாசலத்துக்கு அக்கா செல்லியம்மாள் எழுதுவது. நீயும் உன் சம்சாரமும் படப்பையில் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெரிய பேரன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது. ஓடியவர்கள் மூன்று பேர் என்பதை அங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். பேத்தி தனம் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், இப்போது பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை தனத்தைப் பெண் பார்க்க வந்த உன் சம்சாரத்தின் உறவுக்காரர்கள் நம் வீட்டுக்கு வராமலே போனதைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். குற்றம் மரத்தின் மேல்தான் தம்பி. பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிற வீடு என்று நீ வழி சொல்லியிருக்கிறாய். இங்கே தெருவுக்குப் பலகை ஏது, நாங்களும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வோம். பொழுது சாய்ந்தால் அது இலையெல்லாம் மூடிக்கொண்டு தூங்கும், அதைப் பார்த்து எனக்கும் கண் சொக்கும், அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. அவர்கள் வருவதற்கு முந்தின புதன்கிழமை நகர் நலச் சங்கத்துச் சவுரிமுத்து சார் ஆட்களோடு வந்து, இது வெளிநாட்டு மரம், காற்றடித்தால் முறியும், இனிமேல் நம் மண்ணு மரந்தான் என்று அதை அறுத்துப் போட்டுவிட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு மகிழங்கன்றை நட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருவுக்கு மேலே இவ்வளவு வானம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாளியோடு கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. இரண்டு இலை அசைந்தால் போதும், தலைமேல் பூக் கொட்டுகிற மாதிரி இருக்கிறது, இல்லாத நிழலுக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். "கண்ணத் தொறந்து ஊத்துங்கம்மா, என் செருப்புல ஊத்துறீங்க" என்று சவுரிமுத்து சார் நேற்றுக்கூடச் சொன்னார்.

அடுத்த தெருவில் மரம் அறுக்கிற முறை அடுத்த மாசந்தான். அங்கே கங்கம்மா வீட்டு வாசலில் இதே மாதிரி பெரிய மரம் இன்னும் நிற்கிறது. வந்தவர்கள் அதைப் பார்த்து அந்த வீட்டுக்குள் பழத்தட்டோடு போய்விட்டார்கள். அவளுக்கும் கல்யாண வயசில் ஒரு பெண். பட்டும் பூவுமாக எட்டுப் பேர் வாசலில் நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தரகர் அனுப்பியவர்கள் என்று நினைத்து அவளும் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள். பெண்ணின் பெயரைக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். அதற்குள் பையனுக்குப் பிடித்துவிட்டது. இங்கே கேசரி ஆறிப்போக நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே யார் மேலும் வருத்தம் வேண்டாம். உன் பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா செல்லியம்மாள்

பி.கு.: மேலே உள்ளதை உன் சம்சாரத்துக்குப் படித்துக் காட்டு. இது உனக்கு மட்டும். அவர்கள் என்னிடந்தான் வழி கேட்டார்கள். பழைய புடவையோடு கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், வேலைக்காரி என்று நினைத்திருப்பார்கள். பையனின் அம்மா, தன்கூட வந்தவளிடம், "பரீட்சைக்குப் படிக்குதாம். கல்யாணம் ஆவட்டும், புஸ்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுடலாம்" என்றாள். என் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. "பெரிய மரமா? அடுத்த தெரும்மா" என்று கையை நீட்டினேன். கங்கம்மா பெண்ணை நினைத்துக் கவலைப்படாதே. அவள் வாய்க்கு அந்த மாமியார்தான் பயப்பட வேண்டும். தனம் பரீட்சை எழுதி வேலைக்குப் போகட்டும். பிறகு வேறு பையன் இருந்தால் போட்டோவைத் தபாலில் போடு. இந்த வருஷம் எடுத்ததாக இருக்கட்டும். இவன் படத்தில் இருந்த முடியில் பாதிகூடத் தலையில் இல்லை.