மேலே இருக்கும் அதே பேர்

எல்கடுவ.
ஞாயிற்றுக்கிழமை தொடங்கி இன்னும் எழுதிக்கொண்டிருப்பது.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. அழகையா அவர்களுக்கு, உங்கள் அக்காளின் கணவன் அழகையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அக்கா நல்லம்மாவும் பிள்ளை ரஜிதாவும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருந்துகொண்டுதான் எங்கள் மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாமல் கோபப்படுவது உடம்புக்கு ஆகாது.

கடிதம் என்றால் மரியாதையாக எழுத வேண்டும் என்று ரஜிதா சொன்னதால் 'நீங்கள்' போட்டுப் பார்த்தேன். தோட்டத்துத் துரைக்கு லீவு கேட்டு எழுதுவது போல இருக்கிறது. உன்னை நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன் மச்சான், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இதை நானே எழுதுகிறேன். ஆள் பிடித்து எழுதவில்லை. உயிரெழுத்திலிருந்து ரஜிதா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "என் கல்யாண கார்ட நீங்களே வாசிக்கணும்ப்பா, வேற யாரும் வாசிச்சுக் காட்டக்கூடாது" என்று பிடிவாதம் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது எழுதவும் வருகிறது. நம் பேரில் இருக்கிற ழ மட்டும் இன்னும் சரியாக வளைவதில்லை. ஓரத்தில் இருந்தாலாவது பார்க்காமல் போகலாம், நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடித்த மலையைத் திரும்பிப் பார்ப்பது போல ஒரு சந்தோசம். உனக்கும் வாசிக்கத் தெரியும். நம் குடும்பத்தில் ஒருவரும் இல்லாமல் நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று இத்தனை காலம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

விசயத்துக்கு வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி ரஜிதாவுக்கும் நிமலனுக்கும் கல்யாணம். அழைப்பிதழில் தாய்மாமன் பேர் இல்லை என்று நீ வரமாட்டேன் என்கிறாய். மாமா வந்து கைபிடித்துக் கூட்டிப் போகாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே இரத்தம், ஒருவரும் இறங்கி வரமாட்டீர்கள். நடுவில் கிடப்பது நான்.

போனில் சொல்லலாம் என்றால் எங்கள் நம்பரைக் கண்டதும் வெட்டிவிடுகிறாய். நேரில் சொல்லலாம் என்று போன ஞாயிறு மாத்தளையில் பஸ் மாறி, ரத்தோட்டையில் இறங்கி, ரிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனியில் வழி தெரியாமல் மோதிய ஒரு மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்தாள். "அண்ணே, பேரில்லாத ஆளு வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். உள்ளே நீ இருமியது கேட்டது. "அப்ப இருமுறது யாரு தங்கச்சி?" என்றேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அந்த இருமலுக்கும் பேரில்லையாம் அண்ணே" என்றாள். பாவம், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு நீ ஜன்னலைத் திறந்து என்னைத் திட்டினாய். அதையெல்லாம் நான் எடுத்துவரவில்லை. ஜன்னலை மூடும்போது சொன்ன ஒன்றை மட்டும் எடுத்துவந்தேன். "அக்கா உங்கள கட்டுன அன்னைக்கே அவ வாயில என் பேரு நின்னுபோச்சு மச்சான். அப்பத்தில இருந்து நான் வெறும் தம்பி. சரி, கார்ட்லயாவது இருக்கும்னு பாத்தேன்." பஸ்ஸில் வரும் வழி முழுக்க அது என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தது. உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

பேர் எப்படி விட்டுப்போனது என்று கேள். பெண்ணே தன் கல்யாண அழைப்பிதழைச் சொல்லி அடிப்பது நன்றாக இருக்காது என்று நல்லம்மா விடவில்லை. எனக்குப் போனில் காது சரியாகக் கேட்காது. ஆகவே மாத்தளை அச்சுக்கடைப் பிள்ளை ஷஸ்னாவுக்கு உன் அக்காவே போனில் சொன்னாள். புருசன் பேரை அவள் சொல்லமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டாலும் என்னைக் கையால் காட்டுவாளே தவிரச் சொல்லமாட்டாள். என் பேரை மட்டும் ரஜிதா பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஓடிவிட்டாள். மிச்சம் நடந்ததை நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லம்மா போனை லவுட்டில் போட்டிருந்தாள்.

"மாமி, தாய்மாமன் பேரச் சொல்லுங்க."

"அவரு பேருதாம்மா."

"யாருட பேரு?"

"பொண்ணோட அப்பா பேரு."

"அது மேல போட்டாச்சு மாமி. நான் கேக்குறது தாய்மாமன் பேரு."

"அதத்தான் சொல்றேன். மேல இருக்குல்ல, அதே பேருதான்."

"அப்ப மேல இருக்குறதே போதுமா மாமி?"

"அதே பேருதான்மா. போதும், போதும்."

ஷஸ்னா மேல் குற்றமில்லை. நல்லம்மா மேலும் குற்றமில்லை. உன் பேரைச் சொன்னால் என் பேரைச் சொன்னதாகிவிடும். அவள் வாயால் அந்தப் பேர் வராது மச்சான், நான் செத்தாலும் வராது. உன் அம்மா அப்படி வளர்த்திருக்கிறாள்.

குற்றம் என் மேல்தான். அடிப்பதற்கு முன் அழைப்பிதழைப் படம் பிடித்து ஷஸ்னா அனுப்பினாள். "அப்பா, வாசிச்சுப் பாத்து சரின்னு சொல்லுங்க, இதுக்குத்தானே படிச்சீங்க" என்று ரஜிதா போனை என் கையில் கொடுத்தாள். நான் முகம் கழுவி, திருநீறு பூசி, வெளிச்சத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பிள்ளையார் சுழியைக் கூட விடவில்லை. மூன்றாவது வரியில் அழகையா என்று வந்தது. அவ்வளவுதான் மச்சான். அச்சில் என் பேரை நானே வாசித்தது அதுதான் முதல் தடவை. ழ அங்கே எவ்வளவு அழகாக வளைந்திருந்தது தெரியுமா. திரும்பத் திரும்ப அந்த வரியையே வாசித்தேன். அத்தனை தடவை அழகையாவை வாசித்ததில் உன்னையும் சேர்த்து வாசித்துவிட்டதாகவே மனதில் பட்டுவிட்டது. எல்லாம் சரி, அடிக்கச் சொல் என்றேன். புதிதாகப் படித்தவன் கையில் இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது.

ரஜிதா என்னைத் தமிழோடு விடவில்லை. இங்கிலீஷில் ஒரு வார்த்தையையாவது முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நேம் என்ற வார்த்தையைத் தந்தாள். நாலே எழுத்து, பேர் என்று அர்த்தம், இதில் முழுதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவளுடைய தடித்த அகராதியில் பார்த்தால் இறக்கத்தில் போகும் நம் லயத்து வீட்டு வரிசை மாதிரி நீளமாகப் போகிறது. அந்த ஆட்கள் ஒரு வார்த்தையை வைத்து எல்லா வேலையும் வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பேர் வைத்தால் அதுவும் நேம், கல்யாணத்துக்கு நாள் குறித்தால் அதுவும் நேம். ஊரில் மதிப்பாக இருக்கிறவன் நேம் உள்ளவன். சண்டையில் நாயே பேயே என்று திட்டுவதற்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்கிறார்கள். அந்தக் கணக்கில் உன் ஜன்னலடியில் எனக்கு நிறையப் பேர் கிடைத்தது. ஆனால் நம் தோட்டத்தில் இருக்கும் அர்த்தம் அகராதியில் இல்லை. நமக்கு ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை, மழையில் பாதியில் இறங்கினால் அரைப்பேர். அரை மனிதனாக வீட்டுக்குப் போயிருக்கிறோம், நீயும் நானும். உனக்குப் பேர் போடவில்லை என்று ஒருநாள் காலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் படுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையைத் தாண்டிப் போகச் சொன்னவன் நீ. பேர் விட்டுப்போனால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தின் அடியில் நேம்சேக் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பேரே இன்னொருவருக்கும் இருந்தால் அப்படிச் சொல்வதாம். நம்மைப் போல ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். அகராதியில் இல்லை.

இதிலிருந்து உனக்காக இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன். ரஜிதா பிறந்தபோது காதில் மூன்று தடவை பேர் சொன்னவன் நீ. இந்தக் கல்யாணத்துக்கு ஐயரோடு உட்கார்ந்து நாள் குறித்தவன் நீ. இங்கிலீஷ் கணக்கில் இரண்டும் நேம்தான். அழைப்பிதழை எடுத்துப் பார். அவள் பேரும் அந்த நாளும்தான் பொன்னெழுத்தில் பெரிதாக இருக்கின்றன. நான் ஒரு மூலையில், மகள் என்ற சொல்லுக்கு முன்னால், பொடி எழுத்தில் இருக்கிறேன். இது சமாதானம் இல்லை என்று எனக்கும் தெரியும். உன் பேர் உன் பேராக இருக்க வேண்டும்.

ஆகவே நான் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் மிச்சமிருந்த அழைப்பிதழ்களில் எல்லாம் 'தாய்மாமன் அழகையா' என்று கையால் எழுதினேன். கொடுத்து முடித்த வீடுகளுக்கும் போய், கார்டைக் கொஞ்சம் எடுங்கள் என்று வாங்கி எழுதினேன். ஸஹாப்தீன் கடையில் அதைச் சுவரில் உயரமாக ஒட்டியிருந்தார்கள். அரிசி மூட்டை மேல் ஏறி நின்று எழுதினேன்.

"என்ன மாமா, சுவத்துல என்ன வேல?" என்றார்.

"பேரு எழுதுறேன் முதலாளி."

"யாருட?"

"அழகையான்னு."

"அதுதான் மேல அச்சுல இருக்கே. போதாதா?"

"இது வேற அழகையா."

"எழுதப் படிச்சாலும் படிச்சாரு, மனுசன் கண்ட இடத்துல எல்லாம் தன்ட பேர எழுதுறாரு!" என்று கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார். மூட்டையிலிருந்து இறங்குவதற்குள் அந்தக் கதை மேல் லயத்துக்குப் போய்விட்டது. இப்போது கொழுந்துக்குப் போகிற பெண்கள் என்னைக் கண்டால், "மாமா, எங்க கூடையிலயும் ஒன்னு எழுதிவிடுங்க" என்கிறார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. உன் பேருக்காகச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இந்தக் கடிதத்தின் கவரிலும் உன் பேரை முழுதாக, பெரிதாக எழுதியிருக்கிறேன். கதவைச் சாத்தலாம், போனை வெட்டலாம். தபால்காரர் வாசலில் நின்று உன் பேரை உரக்கக் கூப்பிடும்போது என்ன செய்வாய்? வா மச்சான். பிள்ளை உனக்காக நிற்கிறாள்.

உனக்கும் தங்கச்சிக்கும் அம்மன் எந்தக் குறையும் வைக்காமல் இருக்கட்டும். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. பேரில்லாத இருமலாக இருந்தாலும் கேட்கும்.

இப்படிக்கு,
உன் பேருள்ள மச்சான்,
அழகையா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கலாம் என்று இதை உரக்க வாசித்தேன். எனக்கு இன்னும் மனதுக்குள் வாசிக்க வராது. நீ ஜன்னலில் சொன்ன இடத்துக்கு வந்தபோது அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் உன் அக்கா கையில் அகப்பையோடு நிற்கிறாள். வெளியே போய், பக்கத்து வீட்டுப் போனை வாங்கிவந்து, லவுட்டில் போட்டு உனக்கு எடுத்தாள். தெரியாத நம்பர் என்று நீயும் எடுத்துவிட்டாய். "நான்தான்" என்றாள். நீ வெட்டப் போகிறாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிச்சம் உனக்கே தெரியும். ஆனாலும் இங்கே எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். "அழகையா! போன வச்ச, அங்கயே வந்து முதுகுல போடுவேன்!" லயம் முழுக்கக் கேட்டது. நீ அங்கே "ஆ?" என்றாய். நான் இங்கே "ஆ?" என்றேன். அதன்பிறகு நீ மூக்கைச் சிந்தினாய். தடிமன் என்றாய், சரி, தடிமன் என்றே எழுதுகிறேன்.

வெள்ளிக்கு முதல்நாளே வருவதாகச் சொல்லிவிட்டாய். ஆகவே மேலே எழுதிய எதுவும் இனித் தேவையில்லை. அவள் வாயால் வராது என்று எழுதியதும் பொய்யாகிவிட்டது. இருந்தாலும் இதைத் தபாலில் போடப்போகிறேன், என் முதல் கடிதம். நீங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வசனத்துக்கு ஒரு தடவை அவள் அழகையா, அழகையா என்கிறாள், சேர்த்து வைத்ததை எல்லாம் இன்றைக்கே சொல்லி முடிப்பவள் போல. ஒவ்வொரு தடவையும் நானும் பேனாவை வைத்துவிட்டு, "என்ன?" என்கிறேன்.

"உங்கள இல்லீங்க" என்கிறாள். "நீங்க எழுதுங்க."