கீரி வீட்டு மீட்டரும் கால் மணி நேர விருந்தாளியும்

ஒரு காட்டில் கரண்ட் வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. புலிக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை, அதற்கு இருட்டிலும் கண் தெரியும். ஆனால் ஆற்றங்கரை வளையில் இருந்த கீரிக் குடும்பத்துக்கு, கரண்ட் இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது என்றாகிவிட்டது.

அந்த வீட்டில் மூன்று பேர். தணிகாசலம், அவர் மனைவி குமுதவல்லி, தணிகாசலத்தின் அப்பா கன்னியப்பன். மூவரும் நல்லவர்கள். அதை அவர்களே அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள்.

கன்னியப்பனுக்குச் சனிக்கிழமைதோறும் விரதம். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்பார். மகனும் மருமகளும் சந்தைக்குக் கிளம்பியதும், இண்டக்‌ஷன் அடுப்பில் இரண்டு முட்டை தோசை ஊற்றிக்கொள்வார். முட்டை விஷயத்தில் எந்தக் கீரியையும் குறை சொல்வதற்கில்லை.

குமுதவல்லி ஆட்டுக்கல்லில்தான் மாவு அரைப்பாள். அந்த மாவின் மணத்தைப் பற்றித் தணிகாசலம் காடு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தார். அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போய், பெரியவரும் வெயில் காயப் போன பிறகு, பழைய சாக்கு போட்டு மூடியிருக்கும் கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடும். ஓடி முடிந்ததும் அவள் ஆட்டுக்கல்லில் ஒரு கரண்டி மாவைத் தடவி வைப்பாள். அதிகம் தடவ மாட்டாள், சிக்கனக்காரி.

வளையில் ஓர் ஏ.சி.யும் இருந்தது. விருந்தாளி வந்தால் மட்டும்தான் அதைப் போட வேண்டும். சட்டம் போட்டவர் தணிகாசலம். தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அவர் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்வார். வெளியே வரும்போது முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி இருக்கும். மற்ற இருவரும் அதைத் தெய்வ அருள் என்று நினைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் வீட்டில் சண்டை இல்லை. வாசலில் பழைய மீட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொக்கு வரும், ஒற்றைக் காலில் நின்று மீட்டரைப் பார்க்கும், அட்டையில் ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகும். தியானமும் விரதமும் ஆட்டுக்கல் மாவும் அந்த ஓர் எண்ணுக்குள் சத்தமில்லாமல் சேர்ந்து கிடந்தன.

அந்த வருடம் வெயில் கடுமை. கொக்கு எழுதிய எண் ஐந்நூற்று இருபத்து மூன்று. ஐந்நூறைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறிவிடும் என்பது காட்டுச் சட்டம்.

"இந்த வீட்ல யாரோ கரண்டை இழுக்கறாங்க" என்றார் தணிகாசலம்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் கல்லுல அரைச்சுத் தோள்பட்டை போனவ" என்றாள் குமுதவல்லி.

"நான் பட்டினி கிடக்கிறவன். எனக்கு எதுக்கு கரண்டு?" என்றார் கன்னியப்பன்.

பேச்சு வளர்ந்தது. இன்னொரு தடவை ஐந்நூறைத் தாண்டினால் சின்ன மகன் வளைக்கே போய்விடுவதாகப் பெரியவர் சொன்னார். அப்படித் தாண்டினால் தானும் அம்மா வீட்டுக்குப் போவதாகக் குமுதவல்லி பையை எடுத்து வெளியே வைத்தாள். தணிகாசலத்துக்கு அப்பாவும் வேண்டும், மனைவியும் வேண்டும். அவர்களுக்கும் அப்படித்தான். அதைச் சொல்லத்தான் அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது.

இப்படி இருக்கும்போதுதான் வாசலில் ஒரு சாரைப்பாம்பு வந்து நின்றது. மூன்று கீரிகளுக்கும் முதுகு மயிர் சிலிர்த்தது. பாம்பு பதறாமல் தன் மின்வாரிய அடையாள அட்டையைக் காட்டியது. பாம்புக்குக் கழுத்து எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாததால், அட்டை நழுவி வால் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பணியில் இருக்கும் பாம்பைக் கடித்தால் ஜாமீன் கிடையாது. கீரிகள் பல்லைக் கடித்துக்கொண்டன.

"ஸ்மார்ட் மீட்டர் வைக்கற லிஸ்ட்ல உங்க வீடு வந்திருக்கு சார். வேணுமா, வேண்டாமான்னு எழுதிக் கொடுத்துடுங்க. ஆனா வீட்ல இருக்கிற எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்."

"இதை மாட்டினா, யார் கரண்டை இழுக்கறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"யாருன்னு தெரியாது சார். எப்பன்னு தெரியும்."

"மாட்டுங்க" என்றார் தணிகாசலம். "உடனே மாட்டுங்க" என்றாள் குமுதவல்லி. "நல்லா அழுத்தி மாட்டுப்பா" என்றார் கன்னியப்பன். ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

பாம்பு வாலால் ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. திருகிக்கொண்டே, கேட்காமலே விவரம் சொன்னது. "கால் மணிக்கு ஒரு தடவை உங்க எல்லார் போன்லயும் கோடு விழும். ஏ.சி. போட்டா கோடு மேலே ஏறி அப்படியே நிக்கும். கிரைண்டர்னா ஒரு சின்ன மேடு. இண்டக்‌ஷன்ல தோசை ஊத்தினாக்கூட ஊசி மாதிரி குத்திட்டு நிக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எல்லாம் தெரிஞ்சிடும்."

மூன்று பேரும் ஸ்க்ரூடிரைவரையே பார்த்தார்கள்.

முதலில் தொண்டையைச் செருமியவர் கன்னியப்பன். "ஏம்பா, இதுலேருந்து கதிர்வீச்சு வருமாமே. விரதம் இருக்கிற உடம்புக்கு ஆகுமா?"

"மாமா சொல்றது நியாயம்" என்றாள் குமுதவல்லி. "அதுவும் இல்லாம இந்த மூலையில புதுசா எதையும் வெக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"அதைவிட முக்கியம், ஒரு குடும்பத்தோட உள்விவகாரம் வெளியே போகலாமா?" என்றார் தணிகாசலம். "எனக்கு என் வீட்டு ஆளுங்க மேல நம்பிக்கை இருக்கு. அப்பாவையும் பெண்டாட்டியையும் சந்தேகப்பட ஒரு மெஷினா?"

இதைக் கேட்டு இருவரும் கண் கலங்கிவிட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதில்கூட ஒற்றுமை வந்ததில்லை. அன்று மீட்டர் வேண்டாம் என்று மூன்று கையெழுத்தும் ஒரே மூச்சில் விழுந்தன. குமுதவல்லி பையை எடுத்து உள்ளே வைத்தாள்.

பாம்பு கழற்றிய திருகாணியைத் திரும்ப மாட்டியது. "நல்ல முடிவு சார்" என்றது மெதுவாக. "ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. நான் எங்க வீட்ல மாட்டினேன். முதல் வாரமே அந்தக் கோடுகளை வச்சிக்கிட்டு ஆளாளுக்கு கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டோம். இப்ப நான் மட்டும்தான் இருக்கேன். மீட்டர் நல்லா வேலை செய்யுது."

கீரிகளுக்குப் பாம்பைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. "வாங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் தணிகாசலம். விருந்தாளி என்று ஆனபின் ஏ.சி. போடாமல் இருக்க முடியுமா? போட்டார்கள். கன்னியப்பன் முட்டை தோசை ஊற்றினார், பழகின கை மாதிரி இருந்தது. மாவு தீர்ந்துபோக, அவசரத்துக்குத் தப்பில்லை என்று குமுதவல்லி சாக்கை விலக்கி கிரைண்டரைப் போட்டாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பாம்பு கால் மணி நேரம் இருந்து, அரை தோசை சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியது.

மறுநாளிலிருந்து விரதமும் தியானமும் ஆட்டுக்கல் மாவும் வழக்கம்போல நடந்தன. ஸ்மார்ட் மீட்டர் போய்விட்ட நிம்மதியில் கொஞ்சம் கூடுதலாகவே நடந்தன.

இரண்டு மாதம் கழித்துக் கொக்கு வந்தது. மீட்டரைப் பார்த்தது, காலை மாற்றி நின்று இன்னொரு தடவை பார்த்தது. "சார், அறுநூத்தி நாப்பது."

மூன்று கீரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கன்னியப்பனுக்குச் சின்ன மகன் வளை ஞாபகம் வந்தது. குமுதவல்லி பை இருந்த பக்கம் திரும்பினாள். தணிகாசலம் அட்டையை வாங்கி எண்ணைத் திரும்பப் பார்த்தார்.

பிறகு மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அந்தப் பாம்பு வந்துட்டுப் போச்சு இல்ல, அதான்."

நீதி: குடும்பம் பிரியாமல் இருக்க ஸ்மார்ட் மீட்டர் தேவையில்லை, பழி போட ஒரு விருந்தாளி போதும், பாம்பாக இருந்தால் இன்னும் விசேஷம்.