பின்லாந்தைக் கண்டித்து ஒரு ஃபிளெக்ஸ்

‘நாலு மாசம்’ என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் விழுங்கிவிட்டால் போதும் என்ற யோசனை, தேரடி மெட்ரோ படிக்கட்டில் இறங்கும்போது எனக்கு வந்தது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஒரே ஒரு செமஸ்டரைப் பின்லாந்தில் படிக்க உதவித்தொகையோடு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாலு மாசம் என்றால் “அப்டியா” என்பார்கள். ‘பின்லாந்துல படிக்கப் போறேன்’ என்று நிறுத்திக்கொண்டால்?

நிறுத்திக்கொண்டேன். (படிவங்களில் அம்மா கையெழுத்து மட்டும்தான் போட்டாள். படித்துக் காட்ட வேண்டியவள் நான்.)

கிளம்பும் நாளில் எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் பேண்டு வாத்தியம். விசேஷமோ போராட்டமோ, எதுவானாலும் முதல் நாற்காலியைப் போடும் குணா அண்ணன் எனக்கு மாலை போட்டார். “எப்பம்மா திரும்பி வருவ?” என்றாள் அம்மா. நான் கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளைத் தாண்டி வெகுதூரம் பார்த்தேன். அவ்வளவு கனமான பார்வைக்குப் பிறகு பதில் எதற்கு? அம்மா அழுததில் தெருவே அழுதது. எனக்குப் பரம திருப்தி. (ஆமாம், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

பின்லாந்து எப்படி என்று கேட்காதீர்கள். ஆயிரத்துச் சொச்சம் படங்களிலும் நான்தான் நிற்கிறேன். அந்த நாடு என் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்த வியட்நாம்காரி அறைத்தோழியை எழுப்பி, பனியில் நிற்கும் என்னைப் படமெடுக்க வைத்தவள் நான். பாவம், தும்மிக்கொண்டே எடுத்தாள். படம் ஆடிவிட்டதென்று திரும்ப எடுக்கச் சொன்னேன். வீட்டுக்குத் தினமும் வீடியோ கால். “ஏம்மா, நீ எப்ப...” என்று அம்மா ஆரம்பிப்பாள். நான் பனியைக் காட்டுவேன், அதாவது பனியில் என்னை.

நாலு மாதம் முடிந்தது. திடீரென்று போய் நின்று அசத்தலாம் என்று யாருக்கும் சொல்லாமல் கிளம்பி, ஒரு காலை பதினோரு மணிக்குப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். எதிர்வீட்டில் தைத்துக்கொண்டிருந்த மும்தாஜ் அக்கா மிஷினை நிறுத்தினார்.

“இன்னாம்மா, திருப்பி அனுப்சிட்டானுங்களா?”

சிரித்தேன். அழுகையை அடக்குகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் வாசலில் வாடகை நாற்காலிகள், கேனில் டீ, துக்கம் விசாரிக்கும் முகங்கள். ஏற்றுமதி கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடும் அம்மா, பாதி ஷிப்டில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அடிச்சாங்களாம்மா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல...”

“பாரு, எப்டி பயந்துகினு கீது!” என்றார் குணா அண்ணன். “தங்கச்சி, நீ அயுவாத. நம்ம ஏரியா பொண்ணுன்னா அவ்ளோ எளக்காரமா? நாளைக்கு தேரடில உண்ணாவெரதம். டிசைன் வந்துடுச்சி, பாரு.”

அவர் போனில் என் கூலிங் கிளாஸ் படம். கீழே சிவப்பு எழுத்தில்: ‘காலடிப்பேட்டையின் கல்விச் செல்வியைத் துரத்தியடித்த பின்லாந்து அரசை வன்மையாகக் கண்டிக்கிறோம்!’

“பத்துக்கு இருவது அடி ஃபிளெக்ஸ். பிரிண்டுக்குக் குடுத்துடவா?”

வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்: படத்தில் அழகாக இருக்கிறேனே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அம்மா சூப்பர்வைசருக்குப் போன் போட்டுவிட்டாள். “சார், நாளைக்கு லீவு வோணும்... குடுக்க மாட்டீங்களா? அப்ப வேலையே வேணாம் சார். எம்பொண்ணுக்காக நான் உண்ணாவெரதம் ஒக்காரணும்.”

பதினாறு வருட வேலை. எங்கள் அரிசி, வாடகை, என் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதில்தான். பாய்ந்து போனைப் பிடுங்கினேன். “சார், அம்மா நாளைக்கு வருவாங்க!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பிறகு தெருவைப் பார்த்து, “படிப்பே நாலு மாசம்தான்! முடிஞ்சிடுச்சி, வந்துட்டேன்! யாரும் தொரத்தல!” என்றேன்.

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கேனை மூடினார்.

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அடிப்பாவி! வருசக்கணக்கா வரமாட்டன்னு நெனச்சிகினு, நெதம் ஒன் துணிய எடுத்து மோந்து பாத்துகினு இருந்தேன். நாலு மாசத்துக்காடி அப்டி அயுதேன்?”

“ஸாரிம்மா.”

“அப்ப இனிமே இங்கதான் இருப்ப?”

“ஆமாம்மா.”

“அப்பாடா!” என்று நாற்காலியில் சரிந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“அப்ப போராட்டம்?” என்றார் குணா அண்ணன், மனசே இல்லாமல்.

“பின்லாந்தை மன்னிச்சி உடு நைனா,” என்றார் மும்தாஜ் அக்கா.

இன்றைக்கும் நான் பால் வாங்கக் கிளம்பினால் தெரு முழுக்க ஒரே கேள்விதான்: “எத்தினி மாசம்?”

இப்போது நார்வேயில் இரண்டு வருட மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த குணா அண்ணன், இந்தத் தபா குழப்பமே வேண்டாம் என்று, வழியனுப்பு ஃபிளெக்ஸில் என் படத்துக்குக் கீழே இரண்டு தேதிகளையும் போட்டு டிசைன் கொண்டுவந்தார். பார்த்த அம்மா அலறிவிட்டாள். எங்கள் பக்கம் படத்துக்குக் கீழே இரண்டு தேதி போட்டால் அது கண்ணீர் அஞ்சலி.

தேதிகளை எங்கே போடுவது என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. அது முடிவதற்குள் விசாவே கிடைத்துவிடும் போலிருக்கிறது.