குளத்தில் குளோரின் இல்லை என்று நிரூபித்த கதை

சந்தேகம் ஒரு வியாதி என்றால் எனக்கு அது முற்றிய நிலை. பால்காரர், டாக்டர், மின்சார மீட்டர், எதையும் நம்பமாட்டேன். (மனைவியை நம்புகிறேன். வேறு வழியில்லை.)

புனேயில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் உப்புத் தண்ணீர். அந்த உப்பிலிருந்தே ஒரு மெஷின் குளோரின் தயாரித்துக் கிருமிகளைக் கொல்லுமாம். மாவட்ட நீச்சல் தேர்வுக்கு மகள் மது அங்கேதான் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

உப்பிலிருந்து குளோரினா? யாரிடம் கதை விடுகிறார்கள்! கேம்ப் பஜாரில் கடை கடையாக அலைந்து ஒரு சோதனைப் பெட்டி வாங்கினேன். குளத்து நீரில் மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரவேண்டும். ஒரு கணம் ரோஸ் எட்டிப் பார்த்தது, மறைந்தது. அப்புறம் வெறும் தண்ணீர்தான்.

சோதனைக் குழாயைக் குடியிருப்புச் செயலாளர் குல்கர்னியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அரே சார், மெஷின் சாலூ ஹை!" என்றார்.

ஓடுகிறதெல்லாம் வேலை செய்கிறதா என்ன? (ஆபீஸில் நானே உதாரணம்.) குடியிருப்பு வாட்ஸ்அப்பில் படத்தோடு போட்டேன்: குளோரின் பூஜ்யம். பெற்றோர்கள் கொதித்தார்கள். குல்கர்னி மெஷினை முழு வேகத்தில் வைத்தார். மறுநாள் சோதித்தால் அந்த ஒரு கண ரோஸும் இல்லை! விடுவேனா? குளோரின் பவுடரையும் கொட்டவைத்தேன்.

அன்று மாலை நீந்திவிட்டு வந்த மதுவின் கண்கள் கோவைப்பழம். நீல நீச்சலுடை வெளுத்திருந்தது.

"ஏனுங்க, புள்ளைக்குக் கண்ணே தொறக்க முடியலீங்க!" என்றாள் மனைவி.

"கிருமி! நான் அப்பவே சொன்னேன்ல?"

கண்ணில் ஈரத்துணியோடு மது கேட்டாள். "அப்பா, டேப்லெட் போட்டதும் பிங்க் வந்து போச்சா?"

"மொத நாள் வந்துச்சு. ஏமாத்து வேலை."

"ஒரு மூடி பூல் தண்ணியில ஒரு டம்ளர் ஃபில்டர் பானி கலந்து பாருங்க."

கலந்து மாத்திரையைப் போட்டேன். பீட்ரூட் சாறு போலச் சிவந்தது.

"ரொம்ப ஜாஸ்தி இருந்தா, குளோரின் அந்தக் கலரையே தின்னுடும்பா. ஸ்கூல் லேப்ல பாத்திருக்கேன்."

மதுவைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடினேன்.

பார்வைக்குப் பழுதில்லை என்றார் டாக்டர். (வேறொரு டாக்டரிடமும் கேட்டேன்.) ஆனால் கண்ணில் புண் ஆறும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆறுவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்த வருடத் தேர்வுக்கு மது அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். ஜெயித்தும் வந்தாள்.

இன்றும் நான் எதையாவது "இல்லவே இல்லை" என்று அடித்துப் பேசினால், மனைவி வாதாடுவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள்.