எங்கள் வீட்டை ஆராய வந்த அம்மணி

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12-6-2003

வேலூர் எத்திராஜ் மாமா அவர்களுக்கு, மைத்துனன் சின்னப்பா வணங்கித் தன் கைப்பட எழுதிக்கொள்வது. இங்கே நான், ஜானகி, மகள் சங்கமித்ரா மூவரும் சுகம். அங்கே அக்காவின் முழங்கால் வலியும் தங்கள் கோபமும் ஒருசேரத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அடையாள அரசியல், பன்மைப் பண்பாடு என்பதெல்லாம் ஒரு படிப்பா, எம்.ஏ.வோடு நிறுத்திவிட்டுத் தை மாதம் பாலகுமாருக்குக் கட்டிக்கொடு, இல்லாவிட்டால் அந்த ஊரில் கிடந்து உன் பெண் தமிழச்சி என்பதையே மறந்துவிடுவாள் என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் மகன் பாலகுமார் தங்கமான பையன்தான். ஆனால் மாமா, பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷமாக லேத் ஓட்டுகிறவன் மகள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அது முடிவாகிவிட்டது. எப்படி முடிவானது என்பதைத்தான் கேட்கப் போகிறீர்கள், கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள்.

அந்தப் பட்டத்துக்கு ஒரு குடும்பத்தைப் பிடித்து, அந்த வீட்டார் தங்களை யாரென்று நினைக்கிறார்கள் என்று எழுத வேண்டுமாம். இவள் ஊரை விட்டுவிட்டு நம் வீட்டையே பிடித்துவிட்டாள். பேராசிரியை மௌரீன் அம்மாள் நேரில் வந்து பார்த்துச் சரியென்றால்தான் இடம். குழப்பமான வீடு என்று அந்த அம்மாள் எழுதிவிட்டால் பெண்ணின் படிப்பு போச்சே. அதனால் அன்று ஒரு நாள் சுத்தத் தமிழ் வீடாக இருப்பது என்று தீர்மானம் செய்தேன். சுவரிலிருந்த கன்னடக் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரும் கன்னடத்தில் வாய் திறக்கக் கூடாது என்றேன். பக்கத்து வீட்டு மஞ்சுநாத்திடம், தயவுசெய்து இன்று தலைகாட்டாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவன் சம்சாரம் மமதா, பத்தரை மாற்றுத் தங்கம், அவள்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

மௌரீன் அம்மாள் வந்தார். கன்டோன்மென்டிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர், தமிழ் அருமையாகப் பேசுகிறார். நாங்கள் நாலு தலைமுறையாகத் தமிழர், பௌத்தர், இந்த வீட்டில் வேறு பேச்சுக்கே இடமில்லை என்று நான் ஆரம்பித்தபோது சமையலறையில் பால் திரிந்துவிட்டது. உடனே ஜானகி ஜன்னல் வழியாக, "ரீ மமதா, ஸ்வல்ப ஹாலு கொடி" என்று தெருவே கேட்கக் கன்னடத்தில் பால் கேட்டுக் கூப்பிட்டாள். நான் இருமிப் பார்த்தேன், பயனில்லை. பாலை எடுத்துக்கொண்டு வந்தவன் யார் என்கிறீர்கள், மஞ்சுநாத். வந்தவன் சும்மா போனானா, நான் போட்ட சட்டத்தை மதிப்பதாக நினைத்து, "வாங்க மேடம், நாங்க எல்லாரும் இங்க தமிழ்தான்" என்றான். அவன் நெற்றியில் விபூதிப் பட்டை வேறு. அதைச் சமாளிப்பதற்குள் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முருகனுக்கு ஜானகி கற்பூரம் காட்டிவிட்டாள். போகட்டும், இந்தச் சந்தில் எத்தனை வீடு என்று அந்த அம்மாள் கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். லேத்தில் பீஸ் எண்ணி எண்ணிப் பழகிய வாய், ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்திலேயே தொடங்கி இப்பத்தெரடு, அதாவது இருபத்திரண்டில்தான் நின்றது.

பிறகு தமிழில் அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுத்து, நீங்கள் யார் என்று ஒரே சொல்லில் எழுதச் சொன்னார். கண்ணாடியைக் காணோம் என்று மகளிடம் நீட்டிவிட்டேன். அவள் வாங்கவில்லை. பேராசிரியையைப் பார்த்து, "ஒரே சொல்லுல அடங்குற ஆளு இல்ல மேடம் எங்கப்பா" என்றாள். எல்லாம் கெட்டது என்று தலையில் கை வைத்தேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "வேற வீடு தேடாத. இந்த வீட்டையே மூணு வருஷம் எழுது. இடம் உனக்குத்தான்" என்றார். மாமா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். என் வீட்டைப் படித்தே ஒருத்தி டாக்டர் ஆகப் போகிறாள். ஆகவே தை மாதம் இல்லை. பாலகுமாருக்கு வேறு நல்ல இடம் பாருங்கள். நம் தமிழ் எங்கும் போய்விடாது என்பதற்கு, தாங்களே பலமுறை மெச்சிய என் கையெழுத்தில் வரும் இந்தக் கடிதமே சாட்சி.

அக்காவுக்கு என் வணக்கமும், தம்பி பாலகுமாருக்கு ஆசியும்.

தங்கள் மைத்துனன்,
சின்னப்பா

பி.கு.: இதுவரை சின்னப்பா அண்ணா சொன்னது. இனி எழுதுவது பக்கத்து வீட்டு மமதா. அண்ணாவும் அண்ணியும் படித்தது கன்னடத்தில், சங்கமித்ரா இங்கிலீஷில். நான் கன்னடக்காரியானாலும் ஓசூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பன்னிரண்டு வருஷமாக நீங்கள் மெச்சிய கையெழுத்து என்னுடையது. அன்று கண்ணாடி அண்ணாவின் மூக்கில்தான் இருந்தது. பத்தரை மாற்றுத் தங்கம் என்ற இடம் நானாகச் சேர்த்தது, மன்னிக்கவும். உங்கள் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவதும் நானே. போன கடிதத்தில், "பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களை நம்பாதே, சமயம் பார்த்துக் காலை வாரிவிடுவார்கள்" என்ற வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். கேட்டிருந்தால் அண்ணா உங்களோடு பேச்சை நிறுத்தியிருப்பார், அக்கா பாவம். அவருக்கு இன்னும் தெரியாது. இனிமேல் அப்படி எழுதுவதாக இருந்தால் தனிப் பத்தியாக எழுதுங்கள், தாண்டிப் படிக்க எனக்கு வசதியாக இருக்கும்.