அழுந்தாத பட்டன்

"மறுபடியும் சாம்பலா? உன்னை விடறேனா பாரு!"

கணினியைப் பார்த்துத்தான் இப்படிச் சவால் விட்டார் விடாக்கண்டர். பதிவுப் பிரிவின் மூத்த எழுத்தர். தொட்ட காரியத்தை முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. யாராவது கூப்பிட்டால் முறைப்பார். உள்ளுக்குள் அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

விஷயம் ரொம்பச் சின்னது. நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு நாள் விடுப்பு வேண்டும். அலுவலகத்தில் இப்போது விடுப்பு, வருகை, பழுது பார்ப்பது எல்லாமே புது மென்பொருள் வழியாகத்தான். நாளைத் தொட்டு 'அனுப்பு' என்றால் போதும். வியாழன் பளிச்சென்று நீலத்தில் இருந்தது. அடுத்த வாரத்து நாட்களும் அப்படியே. வெள்ளி மட்டும் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தது. மெதுவாக அமுக்கிப் பார்த்தார், ஓங்கி அமுக்கிப் பார்த்தார், பக்கத்து மேசை மவுஸைப் பிடுங்கி வந்தும் அமுக்கிப் பார்த்தார். ஊஹூம்.

வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இவரால் முடியாது. வெள்ளிக்கிழமை மகளின் பள்ளிக்கூட நாடகம். அவள்தான் அரசி. போன நாடகத்துக்கும் இவர் போகவில்லை, அதற்கு முந்தியதற்கும் போகவில்லை. இந்தத் தடவை அவள் 'வருவியாப்பா' என்று கேட்கக்கூட இல்லை. காலையில் அம்மாவிடம், "அப்பாவோட சீட்டை எதுத்த வீட்டு ஆன்ட்டிக்குக் குடுத்துடலாமாம்மா? வீணாப் போகுதுல்ல" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். அந்தச் சாதாரணம்தான் இவருக்கு நெஞ்சில் குத்தியது.

உதவி மையத்துக்குப் போன் போட்டார். எங்கோ தூரத்து ஊரிலிருந்து தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"கிடைக்காத ஆப்ஷனெல்லாம் சாம்பல் கலர்ல தெரியும் சார்."

"அது தெரியுதும்மா. ஏன் கிடைக்கலன்னு கேக்கறேன்."

"ஏதாவது காரணம் இருக்கும் சார்."

"அதான் என்ன காரணம்?"

"காரணத்தைக் காட்டுற ஆப்ஷன் இன்னும் வரல சார். அதுவும் சாம்பல்லதான் இருக்கு."

விடாக்கண்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவளே இரக்கப்பட்டு, "உங்ககிட்ட வேலை ஏதாவது பெண்டிங்ல இருக்கா சார்? சில சமயம் அதனால இருக்கும்" என்றாள்.

இருந்தது. பழுது பார்க்கச் சொல்லி வந்த கோரிக்கைகள் அவருடைய கணக்கில் மாதக்கணக்கில் தூங்கின. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்க இதுவா நேரம்? 'அனைத்தையும் அனுமதி' என்பது நீலத்தில் இருந்தது. ஒரே அமுக்கு.

வெள்ளி சாம்பலாகவே இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆட்கள் மேலாளர் அறைக்குள் நுழைந்து அவருடைய சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னாலேயே மேலாளர் ஓடி வந்தார்.

"யோவ், வைங்கய்யா கீழ! யாரு எடுக்கச் சொன்னது?"

"ரிப்பேருக்கு சார். ஓகே ஆகியிருக்கு."

"நான் போன வருஷம் கேட்டதுய்யா அது!"

அதே நேரம் நடைக்கோடியில் இன்னொரு ஆள் கழிவறைக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார், வண்ணம் பூசுவதற்காம். உள்ளே இருந்த கணக்காளர் போட்ட கூச்சல் மூன்று மாடிக்கும் கேட்டது. விடாக்கண்டர் தலையைக் கணினிக்குப் பின்னால் தாழ்த்திக்கொண்டு மறுபடியும் போனை எடுத்தார்.

"பெண்டிங் எல்லாம் முடிச்சாச்சு. அப்பவும் சாம்பல்தான்."

"அப்ப உங்க சொந்த விவரத்துல ஏதோ குறை இருக்கும் சார். 'பணி நிலை' நிரப்பியிருக்கீங்களா?"

பார்த்தார். காலியாக இருந்தது. பட்டியலைத் திறந்தால், நிரந்தரம் சாம்பல், தற்காலிகம் சாம்பல், ஒப்பந்தம் சாம்பல். 'பயிற்சியாளர்' மட்டும் நீலம். ஏதோ ஒன்று நிரம்பினால் சரி என்று அதை அமுக்கினார்.

திரை முழுக்கப் பூமழை. 'வருக புதிய நண்பரே!' என்று ஒரு கார்ட்டூன் கிளி கை ஆட்டியது. தலை நரைத்த விடாக்கண்டருக்கு மவுஸை எப்படிப் பிடிப்பது என்று பாடம் ஆரம்பமானது. 'தவிர்' பட்டனைத் தேடினார். அதுவும் சாம்பல்.

கிளி சொன்னதையெல்லாம் கிளிப்பிள்ளையாகச் செய்து முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் அவருடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. பயிற்சியாளர்கள் தனியாக உள்ளே போகக் கூடாதாம். இத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்துக்கு வெளியே நின்று கதவைத் தட்டினார். திறந்துவிட்ட தட்டச்சர் அம்மாள், "யாரைப் பாக்கணும்?" என்று வேண்டுமென்றே கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த அவமானத்திலும் மனிதர் அசரவில்லை. மூன்றாம் முறை போன்.

"ஐயோ, பயிற்சியாளர்னு போட்டுட்டீங்களா சார்? அதை எங்களாலயே மாத்த முடியாது."

"எந்தச் சாமியாலதாம்மா முடியும்?"

"ஒரே வழி, பிரிவு மாற்றம் சார். வேற பிரிவுக்கு மாறுனா எல்லாம் புதுசாத் தொடங்கும். தானா நிரந்தரம் ஆயிடும். வெள்ளிக்கிழமையும் சரியாகலாம். ஆனா அந்தப் பிரிவுல யாராவது உங்ககூட இடம் மாத்திக்கச் சம்மதிக்கணும்."

யார் சம்மதிப்பார்கள்? யோசித்துக்கொண்டே அடித்தளத்துக்கு இறங்கினார். அங்கே பழைய விசிறிகளுக்கும் உடைந்த மேசைகளுக்கும் நடுவே, கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார் ஸ்டோர்காரர். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, பேச்சுத்துணைக்கு எலிதான். இந்த ஆள் ஒருவேளை ஒத்துக்கொள்ளலாம்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. என் இடத்துக்கு நீங்க வாங்க, உங்க இடத்துக்கு நான் வர்றேன். இன்னிக்கே. முடியுமா?"

ஸ்டோர்காரர் மெல்ல நிமிர்ந்தார். "இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

"ஏன், எதுக்குன்னு நான் கேக்கவே மாட்டேன் தம்பி!" என்று கத்திவிட்டு, விடாக்கண்டர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் தன் கணினியில் 'சம்மதம்' அமுக்கினார். அதோடு விடவில்லை. எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும். உன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினார். சாவிக்கொத்தை விடாக்கண்டரின் கையில் திணித்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு தங்கமான மனிதரா என்று விடாக்கண்டருக்கு உருகிப்போனது.

அங்கிருந்த கணினியிலேயே தன் விடுப்புப் பக்கத்தைத் திறந்தார். வியாழன் நீலம். வெள்ளியும் நீலம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நீலமேதான். அமுக்கினார், அனுப்பினார். 'மேலாளரின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது' என்று வந்தது. கூடவே, 'பிரிவு மாற்றம்' சாம்பலாகி, இனி ஒரு வருஷத்துக்குக் கிடையாது என்று ஒரு வரி.

"போயேன், எனக்கென்ன!" என்று அதைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வருஷம் எலியோடு இருந்தால் என்ன, அரசியைப் பார்த்தாகிவிடும். வீட்டுக்குப் போன் போட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகள்தான் எடுத்தாள்.

"கண்ணு, சீட்டை யாருக்கும் குடுத்துடாத. அப்பா வர்றேன்."

"நிஜமாவாப்பா?" என்று ஒரு சின்னக் குரல்.

"சத்தியமா. முதல் வரிசையில உக்காந்திருப்பேன்."

"நான் அரசி டிரஸ்ஸை இப்பவே போட்டுப் பாக்கப் போறேன்!" என்று போனை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடும் சத்தம் கேட்டது. விடாக்கண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை எதற்கென்று அவருக்கே தெரியும்.

டீ கொண்டுவந்த அக்கா அவரை ஸ்டோரில் பார்த்து அதிசயப்பட்டாள். "என்ன சார், இங்க உக்காந்துட்டு முகமெல்லாம் இப்படிப் பூரிச்சுப் போயிருக்கு?"

"வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டுட்டேன்க்கா! காலையிலேர்ந்து மல்லுக்கட்டி அந்தப் பட்டனை எரிய வச்சுட்டேன்ல!"

அக்கா டம்ளரை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைக்கு எதுக்கு சார் லீவு போடறீங்க? கரையான் மருந்து அடிக்கறாங்கன்னு அன்னிக்கு ஆபீஸே மூடியிருக்கும்ல? லீவு நாளைக்கு லீவு கேட்டா அது எப்படி சார் எரியும்?"

விடாக்கண்டர் வாயைப் பிளந்தார். பிறகு சிரிப்புத்தான் வந்தது. நாற்காலி போனது, கதவு போனது, கிளியிடம் பாடம் படித்தது எல்லாம் தண்டம்! போகட்டும், எப்படியோ வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டதே.

"அப்ப எல்லாருக்குமே லீவா அக்கா?"

"எல்லாருக்கும்தான் சார். மருந்தடிக்க வர்ற ஆளுங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் கூடவே நிக்கணும்னு, பாவம், ஸ்டோர்ல இருக்கறவருக்கு மட்டும், அவர் எவ்வளவோ கெஞ்சிக் கேட்டும், மேனேஜர் லீவு தரவே மாட்டேன்னுட்டாரு."