பீரோ மறைத்த ஆட்டம்

இன்று தோற்பதில்லை என்று ஞாயிறு காலை பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். ஆறு வாரமாகச் சகலை என்னைப் போனிலேயே செஸ் ஆடித் தோற்கடிக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. என் ராஜா மாட்டிக்கொண்டு முழிக்கிற படத்தைக் குடும்பக் குழுவில் வேறு போட்டுவிடுகிறார். இன்று நாலு மணிக்கு ஏழாவது ஆட்டம்.

இரண்டு மணிக்கே ஆப்பைத் திறந்து பார்த்தேன். ‘இணைப்பு இல்லை’ என்றது. போனை அணைத்துப் போட்டேன். இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். இல்லை. ஃப்ளைட் மோடும் போட்டுப் பார்த்தேன். விமானம் ஏறி இறங்கியது, ஆட்டம் வரவில்லை.

"மத்ததெல்லாம் ஓடுது. செஸ் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

மனைவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செஸ்ஸுன்னா மூளை வேலை. சிக்னல் நிறைய வேணும். பீரோவைக் கொண்டுபோய் மோடத்துக்கு முன்னாடி நிறுத்தினா?"

"நானா நிறுத்தினேன்?"

"பின்னே அதுவா நடந்து வந்துச்சு? ஆறு மாசமா நகர்த்துங்கன்னு கத்துறேன்."

இரும்பு பீரோ. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பின்னால் எட்டு கொண்டை ஊசி, ஒரு சீப்பு, நான் தொலைக்கவே இல்லை என்று சத்தியம் செய்த சாவி.

"இப்பவும் வரலையே!"

"அவ்வளவு தூசியில எது வரும்?"

பெருக்கினேன். ஒட்டடை அடித்தேன்.

"ஜன்னல் வலை அடைச்சுக் கிடக்கு. காத்தே வரல, சிக்னலா வரும்?"

ஆறு ஜன்னல். தேய்த்துக் கழுவினேன். மணி மூன்று ஐம்பத்தைந்து. சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். விடுவேனா நான்?

"போனைக் கொடுங்க, அதுலயும் தூசி." கைத்துணியால் துடைத்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். "இப்ப பாருங்க."

வந்துவிட்டது! காய்களெல்லாம் வரிசையாக நின்றன. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலு மணி. சிப்பாயை நகர்த்தினேன்.

‘எதிராளி இணைப்பில் இல்லை.’

போன் போட்டேன். "என்ன சகலை, பயந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. "கொஞ்சம் பொறுங்க சகலை. செஸ் மட்டும் வரல. பீரோ மறைக்குதாம். உங்க மச்சினிதான் கண்டுபிடிச்சா!"

மெதுவாகத் திரும்பினேன். சமையலறையில் மனைவி தன் போனில் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பீரோ நகர்ந்ததும் அவசரப்பட்டு செஸ்ஸுக்கு நெட்டைத் திறந்து விட்டுடாதடி. ஜன்னல் வலை பாக்கி இருக்கு."